தேமல் விழுந்த பிஸ்டல்

செவ்வாய், பெப்ரவரி 4

குளிர் மைனஸ் பதினெட்டு. வாசல் முழுக்கக் கண்ணாடி ஐஸ். உப்பு முடிந்துவிட்டது, வாங்க வேண்டும். பெஞ்சாதி வசந்தியின் தம்பி குகனின் கார் வழக்கம்போல என் காருக்குப் பின்னால். அவன் இருக்கிற பேஸ்மென்ற் கதவைத் தட்டி, அவன் எழும்பி, சப்பாத்துத் தேடி, காரை எடுத்து... காலமையே இரத்தம் கொதிக்க வைக்கிறான்.

வேலையில் புதுப் பிஸ்டல்கள் வந்து இறங்கின. இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு வாங்கினவை. மற்றவர்கள் ரக்கில் வங்கிகளின் காசு ஏற்றி இறக்குகிறார்கள். நான் ஆயுத அறையில் அவர்களின் துவக்குகளுக்குப் பொறுப்பு. காலையில் கொடுப்பது, பின்னேரம் வாங்குவது, பார்ப்பது, பூட்டுவது. பெட்டி உடைத்தல், இலக்கம் சரிபார்த்தல், தொழிற்சாலை எண்ணெய் துடைத்தல். பின்னேரம் வரை அதுதான்.

எல்லாம் கறுப்பு, ஒரே அச்சு. ஒன்றில் மட்டும் குறை. மேல் இரும்பில், சுட்ட ரவையின் கோது வெளியே பாயும் வாசலுக்குப் பக்கத்தில், பெருவிரல் நகமளவு வெளிறல். கறுப்புப் பூச்சு அந்த இடத்தில் பிடிக்கவில்லை. எண்ணெய் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், மேடு பள்ளம் இல்லை. கழற்றிப் பார்த்தேன். உள்ளே மற்றவற்றைப் போலவே அச்சொட்டு. ரவை போடாமல் வெறுமையாக இழுத்து விட்டுப் பார்த்தேன். அதுவும் சரி.

ஷாலினி துவக்கு ஒப்படைக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள். இங்கே பிறந்த பிள்ளை, ரக்கில் நல்ல கெட்டிக்காரி.

"அங்கிள், இட்ஸ் ஜஸ்ட் கொஸ்மெடிக். சுடேக்க ஆர் அதைப் பாக்கப் போகினம்?"

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் புதுச்சாமான் புதுச்சாமானாக இருக்க வேண்டும்.

இரவுச் சாப்பாடு விளைமீன் குழம்பு. மீன் தலை குகனுக்கு. வால் எனக்கு.

வியாழன், பெப்ரவரி 6

பனித்தூறல். கால் மரத்துப்போய்க் கிடக்கிறது. இரத்தத்தில் சீனி கூடியிருக்கும். அளக்கவில்லை.

பிஸ்டல் தந்த இடத்துக்குப் போன் அடித்தேன். ஒரு பெண், நல்ல பொறுமைசாலி. படம் அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன், ஒரு மணித்தியாலத்தில் திரும்பப் போன் எடுத்தாள். பூச்சுக் குறை மட்டும்தான், வேலைக்கு ஒரு பாதிப்பும் இல்லை, புது மேல் இரும்பு இலவசமாக அனுப்புவோம், சில கிழமை செல்லும், அதுவரை தாராளமாகப் பாவிக்கலாம் என்றாள். மனேஜரிடம் சொன்னேன். "அப்போ பாவிக்கக் கொடு" என்றார். விஷயம் முடிந்தது.

எங்கள் டிப்போவில் ஒரு முறை இருக்கிறது. புதிசு வந்தால் மூத்தவர்கள் முதலில் எடுப்பார்கள், மிச்சம் கடைசி ஆளுக்கு. கடைசி ஆள் குகன்.

அப்படியென்றால் அந்தத் தேமல் விழுந்த பிஸ்டல் அவனுக்கு. நான் கொடுக்கவில்லை, முறை கொடுத்தது. உதிரிக்கு என்று குறையில்லாத ஒன்று வந்திருக்கிறதுதான். அது உதிரி. அதை மேல் தட்டில் துடைப்புத் துணிக் கட்டுக்குப் பின்னால் வைத்தேன்.

குகனை உள்ளே எடுத்துவிட்டதே நான்தான். வசந்தி வருடக்கணக்காக அரித்தாள். "இஞ்சேருங்கோ, தம்பிக்கு உங்கட இடத்தில ஒரு வேலை எடுத்துக் குடுங்கோவன். நீங்கள் சொன்னா எடுப்பினம்." யாழ்ப்பாணத்தில் கலியாணம் செய்துவிட்டு வந்து பெஞ்சாதிக்காகக் காத்திருக்கிறான். பிறேமாவுக்கு விசா வந்துவிட்டது, மார்ச் நடுவில் வருகிறாள். அஜின்கோர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்ற் பார்த்து வைத்திருக்கிறான். நிரந்தர வேலைக் கடிதம் மாத முடிவுக்குள் காட்டினால்தான் தருவார்களாம். கடிதம் வேண்டுமென்றால் 27ஆம் திகதி சுடுகிற சோதனை பாஸ் பண்ண வேண்டும்.

பாஸ் பண்ணட்டும். பேஸ்மென்ற் எனக்குக் கிடைக்கும். கரம் போர்ட் போடலாம்.

ஞாயிறு, பெப்ரவரி 9

நேற்று மில்லிக்கனில் ஒரு பார்ட்டி ஹோலில் பிறந்தநாள். வசந்தியின் சிநேகிதி மகளுக்குப் பதினாறு. மேடையில் பலூன் வளைவு, ரோல்ஸ், மட்டன் பிரட்டல். நான் வட்டிலப்பம் இரண்டு சாப்பிட்டேன், சீனி வியாதிக்காரன் சாப்பிட்டிருக்கக் கூடாது.

ஆம்பிளையள் மேசையில் யாரோ என்னைக் காட்டிக் கேட்டார்கள், யோகன் அண்ணையும் துவக்கோடயோ வேலை என்று. நான் வாய் திறக்க முதல் குகன்.

"அத்தானோ? அத்தான் துவக்குகளைத் தாலாட்டி நித்திரையாக்கிறவர். எழுப்புறது நாங்கள்."

மேசை சிரித்தது. பக்கத்து மேசையும் சிரித்தது. வசந்தி வாயில் கை வைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

பதினொரு வருடம் ரக் ஓடினவன் நான். இன்சுலின் ஏற்றத் தொடங்கியதும் வீதியில் விடமாட்டோம் என்று அறைக்குள் போட்டார்கள். அது இவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னான். அறுவான்.

திங்கள், பெப்ரவரி 10

வெயில், ஆனால் சூடில்லாத வெயில்.

குகனுக்குப் பிஸ்டலைக் கொடுத்தேன். கண்ணாடி வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று வாங்கினான். முகத்தில் புதுச்சட்டை வாங்கின பிள்ளையின் சந்தோசம். பிறகு திருப்பினான்.

"அத்தான், உது என்ன வெள்ளையா?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். போட்டேன். பார்த்தேன்.

"தேமல்" என்றேன்.

"துவக்குக்கோ?"

"இரும்பு வார்க்கேக்க வாறது. சிலதுக்கு மேலால மட்டும். சிலதுக்கு உள்ளாலையும் போயிருக்கும். ஆர் கண்டது."

"கொம்பனிக்கு அறிவிக்கேல்லையோ?"

"அவங்கள் உதுகளைக் கணக்கெடுக்க மாட்டாங்கள். நீ பாவிச்சுப் பார். முந்தியும் ஒருக்கா இப்பிடி ஒண்டு வந்தது..." என்று தொடங்கிவிட்டு, போன் அடித்தது போலத் திரும்பினேன்.

"வந்து? அத்தான், வந்து என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. நீ போ. ரக் வெளிக்கிடப் போகுது."

முந்தி ஒன்றும் வரவில்லை. வாயில் வந்தது, சொன்னேன். போகும்போது இரண்டு தரம் திரும்பித் துவக்குறையைப் பார்த்துக்கொண்டு போனான். நாள் முழுக்க எனக்கு உற்சாகம். மத்தியானம் கட்டிவந்த புட்டும் ருசியாக இருந்தது.

வெள்ளி, பெப்ரவரி 14

குகனுக்குத் தேமல் என்ற பட்டப்பெயர் பிடித்துவிட்டது. தமிழ்ப் பெடியள் மூன்று பேரிடம்தான் சொன்னேன். இப்போது ரேடியோவில் வெள்ளைக்காரனும் "டேமல், டேமல்" என்கிறான், என்னவென்று தெரியாமலே. குகன் சிரித்துச் சமாளிக்கிறான். காது சிவக்கிறது.

பயிற்சிக்குச் சுடுகிற ரேஞ்சுக்குப் போனோம். குகன் பழைய பிஸ்டலோடு நல்லாகச் சுட்டவன். இன்றைக்குத் தாளில் அங்கொன்று இங்கொன்று. பயிற்சியாளர் டெரக் அவனுக்குப் பொறுமையாகச் சொன்னார்: விரலால் வெடுக்கென்று இழுக்கிறாய், துவக்கில் பிழை இல்லை. டெரக் தானே அதை வாங்கிச் சுட்டுக் காட்டினார். எல்லாம் நடுவில். குகன் தாளைப் பார்க்கவில்லை, அந்த வெளிறலைப் பார்த்தான்.

ஷாலினி வேறு. "அண்ணா, இட்ஸ் நதிங். பெயின்ற் மிஸ்ஸாகியிருக்கு, அவ்வளவுதான். அங்கிள், யூ டெல் ஹிம்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஷாலினி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றேன். எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. அவன் முகம் இருண்டது.

இரவு வசந்தி கேட்டாள், "தம்பியின்ர துவக்கில ஏதோ பழுதாமே? ஒழுங்காச் சாப்பிடுறானில்லை."

"அவனைப் பயப்பிடாமல் இருக்கச் சொல்லும்" என்றேன்.

"பயப்பிட ஒண்டுமில்லையெண்டா ஏன் பயப்பிடாதை எண்டு சொல்லச் சொல்லுறியள்?"

இவளும் மொக்கியில்லை.

செவ்வாய், பெப்ரவரி 18

பனி முழங்காலுக்கு மேல். சவளால் அள்ளி அள்ளி முதுகு போய்விட்டது. எங்கள் பக்கத்தில் மிச்சம் முழுவதையும் குகன் அள்ளினான், நான் கேட்காமலே. பிறகு பக்கத்து வீட்டுச் சீன மனுசியின் பக்கத்தையும் அள்ளினான். வசந்தி ஜன்னலில் நின்று பார்த்துப் பூரித்துப் போனாள்.

பின்னேரம் அப்பார்ட்மென்ற் காட்டக் கூட்டிப் போனான். ஒன்பதாம் மாடி. ஒரு அறை, சின்னக் குசினி, ஜன்னலால் 401 நெடுஞ்சாலை தெரிகிறது. சாமான் வாங்கத் தொடங்கிவிட்டான்:

– பிறசர் குக்கர்
– ஊதாப்பூப் போட்ட திரைச்சீலை (பிறேமாவுக்கு ஊதாவாம்)
– இடியப்ப உரல், மரத்தாலானது, எங்கே பிடித்தானோ
– பனிச் சப்பாத்து, பெம்பிளை அளவு

வசந்தி அழுதாள். சந்தோசத்தில்தான். "அம்மா இருந்து பாத்திருக்கோணும்" என்றாள். குகன் ஜன்னலோடு நின்று, கையைக் கட்டிக்கொண்டு, கீழே ஓடுகிற வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரக் ஒன்று போனது. எங்கள் கொம்பனியுடையது இல்லை. ஆனாலும் கை அசைத்தான், விசரன்.

அவன் போனால் எனக்குத்தான் நன்மை. வாசல் எனக்கு, பேஸ்மென்ற் எனக்கு, மீன் தலை எனக்கு. எல்லாம் தெரியும். ஆனால் அவன் அப்படி நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. அது நான் ஓடின ரோடு.

திங்கள், பெப்ரவரி 24

பனி உருகி எங்கும் சேறு. புது மேல் இரும்பு இந்தக் கிழமை அனுப்பப்படுகிறதாம், அந்தப் பெண் போன் எடுத்துச் சொன்னாள். நன்றி சொன்னேன். குகனிடம் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லையே.

கேட்டது வேறு. வேலை முடிந்து மற்றவர்கள் போன பிறகு வாசலில் வந்து நின்றான்.

"அத்தான், வியாழக்கிழமைக்கு மட்டும் வேற ஒண்டு தரேலாதோ? ஒரே ஒரு நாளைக்கு. கை நடுங்குது அத்தான். உந்த வெள்ளையைக் கண்டாலே நடுங்குது."

"வேற இல்லையடா."

"உதிரி வந்ததெண்டு ஷாலினி சொன்னாள்."

"அது பதிஞ்ச துவக்கில்லை. அதைத் தந்தா என்ர வேலை போயிடும்."

பொய். பதிவதற்கு ஐந்து நிமிடம்.

அவன் தலையை ஆட்டினான். "சரி அத்தான். உங்களை நான் சிக்கலில மாட்ட விரும்பேல்லை" என்றான். வீட்டுக்கு வரும் வழியில் எனக்குத் தோடம்பழம் வாங்கி வந்திருக்கிறான், சீனிக்கு நல்லதாம். நான் தொடவில்லை. வசந்தி உரித்துச் சாப்பிட்டாள்.

புதன், பெப்ரவரி 26

சிவராத்திரி. வசந்தி விரதம். எனக்கு மருந்து எடுக்க வேண்டும் என்பதால் விரதமும் இல்லை, கோயிலும் இல்லை.

குகன் லீவு போட்டுவிட்டுக் காலமையே கோயிலில். விடிய விடிய இருக்கப் போகிறானாம். நாளைக்குச் சோதனை. நித்திரை முழித்துவிட்டுச் சுடப் போகிறான் பேயன். நான் தடுக்கவில்லை. சாமி விஷயத்தில் நான் ஏன் தலையிட?

வசந்தி கோயிலிலிருந்து போனில் சொன்னாள், அவளுக்கே சிரிப்பு. அருச்சனைக்கு ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்க, இவன் தன் பேரைச் சொல்லிவிட்டு, என்ர துவக்குக்கும் சேர்த்துச் செய்யுங்கோ ஐயா என்றானாம். ஐயர் திகைத்துப்போய், வாகனமெண்டா பாக்கிங் லொட்டுக்கு வந்து செய்து தரலாம், துவக்கை இஞ்ச கொண்டு வந்திடாதையும் தம்பி என்றாராம்.

நல்ல காலம் ஐயருக்குப் புத்தி இருந்தது. துவக்கு என் அறையில் பூட்டுக்குள்.

வியாழன், பெப்ரவரி 27

எழுதவேண்டும். கை ஓடவில்லை. ஓட்டுகிறேன்.

காலை தெளிவான வானம். வடக்கே ரேஞ்சுக்குக் கொம்பனியின் வான் வண்டியில் போனோம். சோதனைக்கு ஐந்து பேர், அதில் ஷாலினி வருடச் சோதனைக்கு. குகன் நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் சந்தனம், கண் சிவந்து.

மேசையில் அவரவர் துவக்கைக் கொடுத்தேன். கழற்றி, துடைத்து, பூட்டி, சுடுகிற வரிசைக்குப் போக முதல் நான் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து ஓகே சொல்ல வேண்டும். அதுதான் அங்கே என் வேலை. அது மட்டும்தான் என் வேலை.

மற்றவர்கள் கோப்பி எடுக்கப் போன நேரம் குகன் சட்டைப்பையிலிருந்து சின்னப் பேப்பர்ப் பொட்டலம் எடுத்ததைக் கண்டேன். கோயிலுக்குத் துவக்கைக் கொண்டு போக முடியாதவன் கோயிலைத் துவக்குக்குக் கொண்டு வந்திருந்தான். திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து அந்த வெளிறலில் மூன்று விரலால் இழுத்தான். மேலே ஒரு சந்தனப் பொட்டு. சந்தனம் கட்டி. அழுத்தினான். கோது பாய்கிற வாசலுக்குள்ளும் இறங்கியது. கண் மூடிக் கும்பிட்டான். பிறகு துணியால் மேலே ஒற்றினான். வெளியே பூசினது போனது, உள்ளே இறங்கினது போகவில்லை.

முறை வந்தது. என் முன்னால் வைத்தான். திறந்தேன். கோதைப் பிடித்து இழுக்கிற கொக்கி இருக்கிற இடத்தில் மஞ்சள், அரைவாசி காய்ந்து. உள்ளே எண்ணெயில் சாம்பல் பிசைந்து கிடந்தது. சந்தன வாசம் எனக்கே அடித்தது. பல்லுக்குத்தி மாதிரி ஒரு குச்சியும் துணியும் போதும், இரண்டு நிமிட வேலை. குச்சி என் கைக்குப் பக்கத்தில்.

அவன் குனிந்து, மெல்ல,

"அத்தான், கொஞ்சம் பிரசாதம் வச்சனான். உள்ளுக்கும் போட்டுது போல. துடைக்கட்டோ?"

நான் அவனைப் பார்த்தேன். தாலாட்டி நித்திரையாக்கிறவர்.

"விடு. சாமிக் காரியம். கை வைக்காதை" என்றேன். ஓகே என்று தோளில் தட்டினேன்.

அவனுக்கு முகம் மலர்ந்தது. உண்மையாக மலர்ந்தது. அத்தானே சொல்லிவிட்டார்.

முதல் சுற்று அச்சாவாகச் சுட்டான். கை நடுங்கவில்லை. டெரக் பெருவிரல் காட்டினார். பாஸ் பண்ணிவிடுவான் போல இருந்தது. இரண்டாம் சுற்றில் பிஸ்டல் நடுவில் நின்றது. கோது அரைவாசி வெளியே, மேல் இரும்பு பாதியில் இறுகிப்போய். இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுப்பது: துவக்கின் வாய் இலக்கைப் பார்த்தபடி, மற்றக் கையை உயர்த்து, அசையாமல் நில்.

குகன் திரும்பினான். பிஸ்டலோடு முழு உடம்பும் திரும்பியது. பக்கத்தில் நின்ற ஷாலினியைத் தாண்டி, பின்னால் நின்ற என்னிடம்.

"அத்தான், இறுகிப் போச்சு."

அந்த வாய் என்னைப் பார்த்தது. கறுப்பு வட்டம். உலகத்தில் வேறொன்றும் இருக்கவில்லை. ஷாலினி நிலத்தில் விழுந்துவிட்டாள். டெரக் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினார். வெடிக்கவில்லை.

அவ்வளவுதான். ஆட்கள் பக்கம் துவக்கைத் திருப்பினால் பெயில், இரண்டாம் தரம் இதற்கெல்லாம் கிடையாது. டெரக் பிஸ்டலைக் கழற்றி நகத்தால் கிளறி மணந்து பார்த்தார். இது என்ன, பற்பசையா என்றார்.

வரும் வழியில் வான் வண்டியில் குகன் பின் இருக்கையில். நெற்றியைத் துடைத்துவிட்டிருந்தான்.

வெள்ளி, பெப்ரவரி 28

மழையும் பனியும் கலந்து. சீனி பதினாறு, மிகக் கூட.

மனேஜரின் அறை. டெரக், நான், குகன். மனேஜர் என்னிடம்: வரிசைக்குப் போக முதல் நீ பார்த்தாயா?

"பார்த்தேன். சுத்தமாக இருந்தது."

அப்போ எப்படி?

"நான் பார்த்த பிறகு பூசியிருக்க வேண்டும்."

இங்கிலிசில் சொன்னேன். என் இங்கிலிசு ஒருநாளும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. குகன் என்னைப் பார்க்கவில்லை, மேசையில் இருந்த தபால் முத்திரைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்வதற்கு ஏதும் இருக்கிறதா என்று அவனிடமும் கேட்டார்கள்.

"நோ சேர்" என்றான்.

வேலை அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் ஷாலினி. அவனைக் கட்டிப்பிடித்து, இட்ஸ் ஓகே அண்ணா என்றாள். நேற்று வெடித்திருந்தால் முதலில் அவளுக்குத்தான் பட்டிருக்கும். என்னிடம் துவக்கைக் கொடுக்கும்போது மேசையில் வைத்தாள், கையில் தரவில்லை.

இரவு வசந்தி சமைக்கவில்லை. அப்பார்ட்மென்ற்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்தானே? ஒண்டும் செய்யேலாமல் போச்சோ?"

"விதி" என்றேன். அவள் நம்பினாள். நம்பினாள் என்று நினைக்கிறேன்.

வெள்ளி, மார்ச் 7

புது மேல் இரும்பு வந்தது. மாட்டினேன். மற்றவற்றோடு வைத்தால் எது எதுவென்று தெரியாது. பழையதைத் திருப்பி அனுப்பினேன். அனுப்ப முதல் சந்தனத்தைக் குச்சியால் எடுத்தேன். சுலபமாகத்தான் வந்தது.

குகனுக்கு அஜக்ஸில் ஒரு வெயர்ஹவுசில் வேலை கிடைத்திருக்கிறது, ஏஜென்சி மூலம். கூப்பிடுகிற நாளுக்கு மட்டும். காரை இப்போது வீதியில் நிறுத்துகிறான், என் காருக்குப் பின்னால் இல்லை. யாரும் சொல்லவில்லை. அது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

வசந்தி பேஸ்மென்றில் ஊதாத் திரைச்சீலையைத் தொங்கவிட்டாள். ஜன்னல் சின்னது, சீலை நிலம் வரை கிடக்கிறது. வெட்ட மனம் வரவில்லையாம்.

சனி, மார்ச் 15

எயர்போட். விமானம் பிந்தியது. கோப்பி குடித்தோம். வசந்தி பிறேமாவுக்குக் கோட்டும் சப்பாத்தும் பையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறேமா மெல்லிய பிள்ளை. குரல் அதைவிட மெல்லியது. காலில் விழப் பார்த்தாள், தடுத்தேன்.

"அத்தான், உங்களாலதான் இவருக்கு இஞ்ச ஒரு இடமெண்டு இவர் எப்பவும் சொல்லுவார். வேலைக்கும் நீங்கள்தானாம் பாடுபட்டது. இவர் தன்ர பிழையால விட்டிட்டன் எண்டு ஒரே கவலை."

"ம்" என்றேன். அவளின் பெட்டியை எடுத்தேன்.

பாக்கிங்கில் பொம்பிளையள் முன்னுக்குப் போக, நானும் குகனும் பெட்டி தள்ளிக்கொண்டு பின்னுக்கு. காற்று முகத்தை அறுத்தது. அவன் என் கையிலிருந்த பெட்டியையும் வாங்கிக்கொண்டான்.

"அத்தான், அக்காட்டச் சொல்லேல்லை."

"என்னத்தை?"

"துடைக்கட்டோ எண்டு கேட்டதை."

நான் நின்றுவிட்டேன். அவன் நிற்கவில்லை. ட்ரங்கைத் திறந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக ஒழுங்காக அடுக்கினான். கோபம் இல்லை, முகத்தில் ஒன்றும் இல்லை.

"பிறேமாக்கும் சொல்லேல்லை. ஷாலினி கேட்டவள், அவளுக்கும் சொல்லேல்லை. சொன்னா அக்கா உங்களோட இருக்க மாட்டா அத்தான். அக்காவை எனக்குத் தெரியும்."

"குகன், நான்..."

"இப்ப சொல்லுற யோசினை இல்லை. பிறகு எப்பிடியோ தெரியாது." ட்ரங்கைச் சாத்தினான். "நாங்கள் கீழை கொஞ்சக் காலம் இருப்பம். வாடகை தரமாட்டம். நீங்கள்தான் அக்காட்டச் சொல்லோணும், வேண்டாமெண்டு நீங்களே சொன்னதெண்டு. அவ சந்தோசப்படுவா. ஏறுங்கோ அத்தான், குளிருது."

வரும் வழி முழுக்க 401. வசந்தி பின்னால் திரும்பித் திரும்பிப் பிறேமாவுக்குக் கட்டடங்களைக் காட்டிக்கொண்டு வந்தாள். வீடு வந்ததும் சொன்னேன், வாடகை வேண்டாம் என்று. வசந்தி எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்தாள். கனகாலத்துக்குப் பிறகு.

ஞாயிறு, மார்ச் 16

பகல் வெளிச்சம் கூடிவிட்டது. பனி மூலைகளில் மட்டும் ஊத்தையாக.

வசந்தி காலையிலிருந்து கீழே. இடியப்பமும் சொதியும் அங்கேயே. மூன்று பேரின் சிரிப்பும் மேலே கேட்டது. நான் ரீவி சத்தத்தைக் குறைத்தேன். பிறகு நிறுத்தினேன். வசந்தி ஏதோ கேட்டாள். குகன் மெல்லக் கதைக்கத் தொடங்கினான். நீளமாகக் கதைத்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. என் பெயர் கேட்டது போல இருந்தது. படிக்கதவைத் திறந்தேன். பேச்சு நின்றது.

"என்ன அத்தான்," கீழிருந்து குகன், "ஏதும் வேணுமோ?"

வீடு சூடாக்கிற ஃபர்னஸின் சத்தம் பார்க்க வந்தேன் என்றேன். வசந்தி மேலே பார்க்கவே இல்லை. சொல்லிவிட்டானோ இல்லையோ தெரியாமல், கதவைச் சாத்திவிட்டுப் படியில் இருந்தேன்.